மைதீன் நானாவுக்குத் தர வேண்டியிருந்த மீசை

சென்ற வியாழக்கிழமை காலை, அக்கரையில் இருக்கும் பிறை ஊருக்குப் போகும் படகுக்கு ஜெட்டியில் குமாஸ்தாவாக சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தேன். ஐஸ் வண்டிக்காரர் காசிம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "கிராணி, நம்ம மைதீன் நானா மௌத்தாயிட்டாரு. சுபுஹு தொழுதுட்டு உக்காந்தவரு எந்திரிக்கல." அன்று மாலையே அடக்கம். நானும் ஒரு கைப்பிடி மண் போட்டுவிட்டு வந்தேன்.

அண்ணன் முறை வைத்து அவரை எல்லாரும் நானா என்போம்; குமாஸ்தா என்பதால் நான் அவர்களுக்குக் கிராணி. சந்தையில் அவரிடம் மீன் வாங்கியவர்களுக்குத் தெரியும், நானா பேச ஆரம்பித்தால் கூடையில் இருப்பது கருவாடாகிவிடும். அந்தப் பேச்சுக்காகவே நாமெல்லாம் அங்கே போனோம். எனக்கும் அவருக்கும் சிநேகம் உண்டானதோ ஒரு சண்டையில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு சீனத் தவுக்கை முதலாளிக்காகப் பேய்க்கணவாய் வெட்டிக்கொண்டிருந்தார். எட்டுக் கைகளையும் தனித்தனியாக வெட்டிப் பலகையில் போட்டிருந்தார். அவை நெளிந்துகொண்டே இருந்தன. அந்த வாரம்தான் நான் உடற்கூறு பற்றி ஏதோ புத்தகம் படித்திருந்தேன். சும்மா இருக்க முடியுமா? "தலையின் உத்தரவு இல்லாமல் எந்தக் கையும் வேலை செய்யாது" என்று அவரிடம் அளந்தேன்.

"தலைதான் வாளியில கிடக்கே, கிராணி. இப்ப உத்தரவு யாரு போடுறா?"

"அது வெறும் சாவுத் துடிப்பு, நானா."

"துடிக்கிறது வேற, ஆள் பாத்துப் பிடிக்கிறது வேற லா. இந்தக் கை பலகையப் பிடிக்கும், கத்தியப் பிடிக்கும், உங்க விரலயும் பிடிக்கும். பக்கத்துல கிடக்குற தன் கூட்டாளிக் கைய மட்டும் பிடிக்காது."

கூட்டம் சேர்ந்துவிட்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்படி நடந்தால் என் மீசையை எடுத்துவிடுகிறேன்!" என்றேன். அப்போது என் மீசை இரண்டு பக்கமும் முறுக்கிய மீசை. ஜெட்டியில் எனக்கிருந்த மரியாதையில் பாதி அதற்குத்தான்.

நானா ஒரு கையை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தார். உறிஞ்சும் வாய்கள் தொட்டன; ஒட்டவில்லை. ஏதோ தந்திரம் என்று நானே வேறு இரண்டு கைகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். அப்போதும் ஒட்டவில்லை. பிறகு அவர் ஒரு கையின் தோலைக் காலுறையைப் போல உரித்துவிட்டு அருகில் வைத்தார். பக்கத்துக் கை அதை உடனே கப்பென்று பிடித்துக்கொண்டது.

"அடையாளம் தோல்ல இருக்கு. தொட்டே ருசி பாக்குது, தன்னோட ருசி இருந்தா விட்டுரும். தலை சும்மா இருக்குதுன்னு நான் சொல்லல. எங்க போகணும்னு தலை சொல்லும், எப்படிப் பிடிக்கணும்னு கை பாத்துக்கும்."

சந்தையே சிரித்தது. பக்கத்துக் கடைச் சவரக்காரர் கத்தியைத் தீட்டியபடி வந்துவிட்டார். அவர் கடை நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. எங்கள் வழக்கத்தில் தகப்பன் இறந்தால்தான் மீசையை எடுப்போம். என் தகப்பனாரோ வீட்டில் மீன் குழம்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மீசையில்லாமல் போய் நின்றால் என்ன நினைப்பார்?

என் முகத்தைப் பார்த்ததும் நானாவுக்குப் புரிந்துவிட்டது. "அப்பா இருக்காருல்ல? அப்ப வேணாம், எந்திரிங்க. மீச என்னோடது. உங்ககிட்டயே இருக்கட்டும், பத்திரமா வச்சிருங்க."

அன்று முதல் மீன் வாங்கப் போகும்போதெல்லாம் "என் மீச சௌக்கியமா?" என்றுதான் கேட்பார். சில வருஷம் கழித்து என் தகப்பனார் காலமானார்; மீசையை எடுத்தேன். துக்கம் விசாரிக்க வந்த நானா நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது காதருகே குனிந்து, "இது அப்பாவுக்கு. என்னோடது வேற, திரும்ப வளரட்டும்" என்றார். அத்தனை அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடக்கத்துக்கு மறுநாள் அதே சவரக் கடையில், புதிதாக வந்திருந்தவரிடம் போய் உட்கார்ந்து, திரும்ப வளர்ந்திருந்த மீசையை எடுக்கச் சொன்னேன். "யாருண்ணே தவறிட்டாங்க?" என்று கேட்டார். பந்தயத்தில் தோற்றுவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அண்ணன்" என்று வந்தது.

இனி இந்த மீசையை வளர்ப்பதாக இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் இடது கை நாலைந்து தடவை மேலுதட்டுக்குப் போய், முறுக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பிவிட்டது. போகச் சொல்லி நான் உத்தரவிடவில்லை. நானா, நீங்கள் சொன்னதுதான் சரி.