இன்ஜின் சீட்டுச் சூடு

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போகும் ஆசிரியர்கள் சேர்ந்து மாத வாடகைக்கு ஒரு வேன் வைத்திருக்கிறோம். யாருக்கு எந்த சீட் என்பது நிரந்தரம். கடைசியாகச் சேர்ந்தவள் என்பதால் எனக்கு இன்ஜின் மூடியை ஒட்டிய சீட். வெயில் காலத்தில் புடவையைத் தாண்டித் தொடை வேகும்.

மலத்தோடு ரத்தம் வர ஆரம்பித்தது ஒரு கோடையில். அதுவரை காலையில் ஒருமுறை போனால் மறுநாள் காலைதான். அந்த ஒழுங்கு கெட்டது. வீட்டில் போய்விட்டுக் கிளம்பினாலும் திருக்கழுக்குன்றம் வருவதற்குள் மறுபடி முட்டும். போனால் கொஞ்சம் சளியும் ரத்தமும்தான். பாதி உள்ளேயே நிற்பது போலிருக்கும். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் சாவி வாங்கித் திறக்கும் கழிப்பறை உண்டு. அங்கே வேனை நிறுத்தச் சொல்வேன்.

என் பின்சீட்டு அறிவியல் டீச்சரிடம் மட்டும் ரத்தத்தைப் பற்றி மெதுவாகச் சொன்னேன். அவர் மெதுவாகப் பேசிப் பழகாதவர்.

"இன்ஜின் மேல உட்கார்ந்தா மூலம் வராம வேற என்ன வரும்? உடம்புல சூடு ஏறிப்போச்சு டீச்சர்!"

அந்த நிமிடத்தில் என் நோய்க்குப் பெயர் வைத்தாயிற்று. ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. மோரில் வெந்தயம், துத்தி இலை, கருணைக்கிழங்கு மசியல், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். எதையும் விடாமல் செய்தேன். எதைச் செய்தாலும் முறையாகச் செய்கிறவள் நான். சீட்டை மட்டும் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. அங்கே உட்கார்ந்தால் அவர்களுக்கும் சூடு ஏறிவிடுமே! ஒருவர் தென்னைநார் மெத்தைத் துண்டு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அந்த ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது உள்ளே பார்த்திருக்க வேண்டும். நாங்கள் மாதக்கணக்கில் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்குப் 'பங்க் டீச்சர்' என்று பெயர் வந்தது. வேனை நிர்வகிக்கும் கணக்கு சார் தினமும் தலையை எண்ணிவிட்டு, "பங்க் டீச்சர் வந்தாச்சா? அப்ப வண்டி பாதி வழிதான் போகும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்தபின் மணி பார்ப்பார்கள். வருகைப்பதிவு இப்போது போனில். பள்ளிக்குள் நின்று நேரத்துக்குள் பதியாவிட்டால் அரை நாள் விடுப்பு போகும்.

நிற்க வேண்டாம் என்பதற்காகக் காலைச் சாப்பாட்டை விட்டேன், பிறகு தண்ணீரையும். ரவிக்கைகள் தொளதொளத்தன. "டயட்டா டீச்சர்? சூப்பரா இளைச்சுட்டீங்க" என்று அறிவியல் டீச்சர் பாராட்டினார்.

தீபாவளி முடிந்து கணக்கு சார் வேன் வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு வைத்தார். நாளை முதல் பங்கில் வேன் நிற்க வேண்டுமா? 'வேண்டாம்' என்பதன் கீழ் மற்ற எல்லோர் படமும் இருந்தது. 'வேண்டும்' என்பதன் கீழ் என் படம்.

மறுநாள் பங்குக்கு முன்பே எனக்கு முட்டியது. பங்க் வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"இன்னா சார், நிறுத்தவா வேணாவா? கரெக்டா சொல்லு. பின்னாடி பஸ் வந்துகினு கீது."

"டீச்சரை இறக்கிட்டு நீ போ. அவங்க பஸ்ல வரட்டும்" என்றார் கணக்கு சார்.

இறங்கினேன். வேன் போயிற்று. அன்று கழிப்பறையில் ரத்தம் கட்டி கட்டியாக விழுந்தது. வெளியே வந்தபோது கண் இருட்டியது. மாமல்லபுரம் பஸ் இந்தப் பக்கம், செங்கல்பட்டு பஸ் எதிர்ப்பக்கம். சாலையைக் கடந்தேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டர் என்னைவிட வயதில் இளையவள்.

"மூலம்னு எந்த டாக்டர் சொன்னாரு?"

"வேன்ல சொன்னாங்க."

"வேன்ல டாக்டர் யாரு வர்றாங்க?"

"எல்லாரும் டீச்சர்ஸ்."

கையுறை மாட்டி விரலால் சோதித்தாள். கழற்றிக் கூடையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். "விரலுக்கே கட்டி தட்டுப்படுதும்மா. குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்து அனுப்பணும். ரத்தம் போகுது, போற பழக்கம் மாறிடுச்சு, எடை குறையுது. இதுல ஒண்ணு இருந்தாலே வந்திருக்கணும். நீங்க மூணும் சேர்றவரைக்கும் உட்கார்ந்திருக்கீங்க."

"முன்னாடியே வந்திருந்தா?"

"வந்திருந்தா இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டியிருக்காது."

புற்றுநோய்தான். கதிர்வீச்சு கொடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், ஆசனவாயோடு சேர்த்துக் குடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். இப்போது என் வயிற்றின் இடப்பக்கம் ஒரு பை ஒட்டியிருக்கிறது. எல்லாம் அதில்தான் வந்து சேர்கிறது. ஆயுள் முழுக்க அப்படித்தான்.

இந்த ஜூன் மாதம் வேலைக்குத் திரும்பினேன். எனக்குக் கடைசி வரிசை ஜன்னல் சீட் ஒதுக்கியிருந்தார்கள். வாடை வருமோ என்று பக்கத்து ஜன்னல்களையும் திறந்து வைத்திருந்தார்கள். இன்ஜின் சீட்டில் டிபன் பைகள் மட்டும் உட்கார்ந்திருந்தன. அதில் உட்கார யாருக்கும் தைரியமில்லை.

"அன்னிக்கு நாங்க விட்டுட்டுப் போனதாலதானே டாக்டர்கிட்ட போனீங்க" என்றார் கணக்கு சார். நன்றியை எதிர்பார்த்துத்தான் சொன்னார்.

பங்க் வந்ததும், "டீச்சருக்காக நிறுத்துப்பா" என்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பை வைத்திருப்பவள் அவசரமாக எங்கும் இறங்கவேண்டியதில்லை. நான் அசையவில்லை. "நின்னதுதான் நின்னோம்" என்று சொல்லிக்கொண்டே கணக்கு சார் சாவி வாங்கப் போனார்.

மறுநாளும் எனக்காக நின்றது. அதற்கடுத்த நாளும். தினமும் இறங்கியது அவர் ஒருவர்தான். திரும்ப நேரமானது. பெல்ட்டை இறுக்கி இறுக்கி அவர் பேண்ட் இடுப்பில் கொசுவம் விழுந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் ஏறியதும், வேன் முழுக்கக் கேட்கும்படி கடைசி வரிசையிலிருந்து கேட்டேன். "ரத்தம் போகுதா சார்?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் பெல்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சும்மா சூடு டீச்சர். இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி."

"நீங்க இன்ஜின் சீட்ல உட்காரவே இல்லியே சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் டிரைவரிடம் சொன்னேன்.

"அண்ணா, திங்கக்கிழமை சாரை இங்கயே இறக்கிட்டுப் போயிடுங்க. எதிர்ப்பக்கம் செங்கல்பட்டு பஸ் வரும்."