மைலோ டின்னில் சிவப்புக் கோடு

தோரணம் கட்ட உட்காருமுன் அமுதவள்ளி குருத்தோலைக் கட்டைத் தரையில் இரண்டு முறை தட்டுவாள். மலேசியாவின் கிள்ளானில் பதினெட்டு வருடமாக இதே பழக்கம். மணப்பெண் தலையில் வண்டு விழுந்தால் அடுத்த ஆர்டர் வராதே என்ற பயம். அதைக்கூட யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவு கூச்சம்.

விழுவது கூன்வண்டு. நீண்ட மூக்கு, கரிய உடம்பு, முதுகில் குங்குமத்தால் இழுத்தது போல ஒற்றைச் சிவப்புக் கோடு. அழகாயிருக்கிறதே என்று, காலியான மைலோ பானத்தூள் டின்னில் போட்டு வைப்பாள். எந்த மரத்து ஓலை என்பதற்கு ஓர் ஓலை நறுக்கில் கோடு கிழித்து வண்டோடு சேர்த்துக் கட்டுவாள். மூன்றாவது மரமென்றால் மூன்று கோடு. நாலாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்தக் கணக்கு போதும்.

ஓலை வருவது பக்கத்து ஊரான மேருவில் நாகையாவின் பன்னிரண்டு தென்னைகளிலிருந்து. போன வருடம் ஐந்தாவது மரம் கூன்வண்டு துளைத்துக் கொண்டை சாய்ந்து செத்தது. மற்ற மரங்களிலும் கூன்வண்டைப் பார்த்த நாகையா மிரண்டுபோனார்.

"சனிக்கிழமை லோரி வருது, அமுதா. எல்லாத்தையும் வெட்டிடறேன்."

அவளுக்குக் குருத்தோலை எடுக்க வேறு இடமில்லை. மறுநாள் டின்னோடு வந்து அவர் மேசையில் கவிழ்த்தாள்.

"முதுகுல கோடு போட்டது எல்லா மரத்துலயும் இருக்கு அண்ணே, பதினெட்டு வருசமா. மரம் நிக்குதுல்ல? செத்த மரத்து ஓலையிலேருந்து விழுந்தது இது." செங்கல் நிறத்தில், கழுத்தில் கரும்புள்ளிகளோடு ஒன்றே ஒன்று. அதன் நறுக்கில் ஐந்து கோடு.

"நீ இவ்வளவு பேசுவியா?" என்றார் நாகையா.

பூச்சியியல் படிக்கும் அவர் மகள் சுபா பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்து டின்னைக் கிளறினாள். "ரெண்டும் சொந்தக்காரங்கதான்பா, கிளையினம் வேறயா இருக்கலாம். நிறத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது லா." ஒவ்வொரு மரமாக ஆள் விட்டு ஏறிப் பார்க்கச் செய்தாள். பதினோரு கொண்டையும் திடமாக இருந்தன. லோரிக்காரருக்கு வேண்டாமென்று சொல்லியாயிற்று.

"ஆனா அக்கா, குருத்து வெட்டுற காயத்து வாசனைக்குத்தான் வண்டு வருது" என்றாள் சுபா.

அமுதவள்ளி கையிலிருந்த துறட்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

இன்று பதினோரு மரமும் நிற்கின்றன. மரத்துக்கு ஒரு குருத்துதான் எடுக்கிறாள். வாசனை கிளம்பாமலிருக்க வெட்டிய இடத்தில் சேறு பூசுகிறாள். தோரணம் கொஞ்சம் குட்டையாகிவிட்டது.