வளையங்கள் இருந்த சுவர்

திருக்கனூருக்கு மேற்கே, கிராவல் எடுக்கும் பள்ளம் ஒன்றில், மழை விட்ட மறுநாள்தான் அது எனக்குப் பிடிபட்டது. பள்ளத்தின் சுவரில் மணற்கல் அடுக்குகள் படுக்கையாக ஓடின. துருநிற வளையங்களோ அந்த அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்து போயின. அப்படியானால் மணல் படிந்தபோது வந்த கோடுகள் அல்ல இவை! இரும்பைக் கரைத்துக்கொண்டு நீர் பிற்பாடு ஊறி, விட்டுவிட்டு இறக்கி வைத்தவை. நிலவியல் இறுதியாண்டு ஆய்வுக்கு இதுதான் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பெயர்ந்து கிடந்த ஒரு துண்டைக் கல்லூரிக்கு எடுத்துப்போனேன். ஆசிரியர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"வெளிய கெடந்த கல்லுமா, துரு ஏறியிருக்கும். சுவர்ல இருக்கறப்பவே அளந்து போட்டோ எடுத்துட்டு வா. இல்லன்னா வேற தலைப்பு பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை மதியமே போய் நின்றேன். அளக்கும் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிய, சுவருக்கு மேலே தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு இழுத்தேன். அளந்து முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. படத்தைக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். மடச்சி.

காலையில் சுவர் இல்லை. ஜேசிபி நின்றது. என் கோட்டுக்கு ஒரு விரல்கூடப் பிசகாமல் வெட்டியிருந்தார்கள்.

"யாரைக் கேட்டு இங்க நோண்டுனீங்க?" என்று கத்தினேன்.

ஓட்டுநர் இறங்கவே இல்லை. "இன்னாமா எகிர்ற? சுண்ணாம்புக் கோடு போட்டா அங்க நோண்டணும்னுதான அர்த்தம்? எந்த புண்ணியவான் போட்டான்னு தெரியல, சொம்மா நூல் புடிச்ச மாதிரி போட்டுக்கீறான்."

"நான்தான் போட்டேன்!"

"அப்ப என்னா என்னாண்ட கத்துற?"

பக்கத்தில் நின்ற லாரிக்காரர் சிரித்தார். "வட்டம் வட்டமா வோணும்னா முறுக்கு வாங்கித் தரேன், எடுத்துனு போ பாப்பா. அந்தக் கல்லெல்லாம் கரிக்கலாம்பாக்கம் பிளாட்டுக்குப் பூட்ச்சி."

யாரோ வீடு கட்டப்போகும் மனையில் பள்ளம் தூர்க்கவா அந்த வளையங்கள்? அவர்கள்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் பெரிது. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டச் சுண்ணாம்புக் கோடு போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். கைபேசி கையிலேயே இருந்தது. மங்கலாகவாவது ஒரு படம் எடுத்திருக்கக் கூடாதா?

வேறு தலைப்பு பார்க்க மாட்டேன். பள்ளத்தை ஒட்டிய கரும்புக் கொல்லையில் வறண்ட கிணறு ஒன்று இருக்கிறது. அதன் சுவரும் இதே கல்தான். நீர் அந்தப் பக்கமும் ஊறியிருந்தால் வளையங்கள் அங்கேயும் இருக்க வேண்டும். கொல்லைக்காரரிடம் கேட்டுவிட்டேன். "தனியா எறங்காத, வூட்ல ஆள இட்டுனு வா" என்றார். நாளைக் காலை அண்ணனைக் கயிறு பிடிக்கச் சொல்லி இறங்கப் போகிறேன். முதலில் படம், பிறகுதான் அளவு.