ஓம் என்ற ஐந்து கோடுகள்

போன ஞாயிற்றுக்கிழமை தெல்தோட்டையிலிருந்து வந்த நண்பர் ஒருவர், துணி முடிச்சில் ஒரு கைப்பிடி கோப்பிக் கொட்டை கொண்டுவந்து கொடுத்தார். தேயிலைக்கு நடுவே யாரும் வெட்டாமல் விட்ட செடி இரண்டு வேலியோரத்தில் நிற்கிறதாம். மனைவி வறுக்கத் தொடங்கியதும் பக்கத்து வீட்டுக்காரர் மோப்பம் பிடித்து வாசலில் வந்து நின்றார். கண்டியில் இப்போது யார் வீட்டில் கோப்பி மணக்கிறது? எனக்கோ அந்த மணத்தில் பாதிதான் வந்தது போலிருந்தது. மறுபாதி மயில்துத்த வாடை. அது உங்களுக்கு விளங்க வேண்டுமென்றால் நான் முதலில் வேலை பார்த்த தந்தி அலுவலகத்தைச் சொல்ல வேண்டும்.

அப்போது கண்டி முழுக்கக் கோப்பிதான். எங்கள் பின்சுவரை ஒட்டியே கோப்பி மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கி. நாள் முழுதும் பெண்கள் கொட்டை பொறுக்குவார்கள். எங்கள் அறையில் மின்கலச் சாடிகள் வரிசையாக நிற்கும், மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீரோடு. எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை, தலைக்கனம் முளைத்துவிட்டது. வீட்டிலும் தந்தி வாசகமாகவே பேசுவேன். சோறு போடவா என்றால், "போடு. கொஞ்சம். ரசம்." அம்மா, "ஏன்டா, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்பார்.

அந்தத் தொழிலில் என்னை மலைக்க வைத்தது ஒன்று உண்டு. மின்சாரம் போக வழி வேண்டும், திரும்பவும் வழி வேண்டும்; சுற்று முடியாவிட்டால் அது ஓடாது. ஆனால் எங்களிடம் இருந்தது ஒற்றைக் கம்பி. இரண்டு முனையிலும் ஒரு செப்புத் தகட்டை மண்ணில் புதைத்திருப்பார்கள். போகும்போது கம்பி, திரும்பும்போது மண். முதலில் கேட்டபோது காதில் பூச்சுற்றுகிறார்கள் என்றே நினைத்தேன்.

அந்தக் கம்பி வடக்கே காட்டு வழியாகப் போயிற்று. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கரையிறங்கியவர்கள் கால்நடையாக வந்ததும் அதே வழிதான். தம்புள்ளைக்கு அப்பால், அவர்கள் தங்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தந்தி நிலையம். அங்கே கந்தப்பர் என்ற யாழ்ப்பாணத்துக்காரர் தனியாக இருந்தார். அவரை நான் பார்த்ததேயில்லை. அவர் கையை மட்டும் தெரியும். தந்திக்காரனுக்குக் கை என்றால் தட்டும் விதம். குரல் மாதிரி, ஒருவருடையது இன்னொருவருக்கு வராது.

காலையில் வேலை தொடங்குமுன் ஒவ்வொரு நிலையத்தையும் கூப்பிட்டுக் கம்பி சரியா என்று பார்ப்போம். கிடைத்தது என்பதற்குச் சட்டப்படி ஒரு குறி உண்டு. அது வராதவரை அனுப்பிய செய்தி போனதாகக் கணக்கில்லை. மறுபடி அனுப்ப வேண்டும். கந்தப்பர் என்னிடம் அந்தக் குறியைத் தட்டமாட்டார். யாழ்ப்பாணத்தில் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்பார்கள்; அதையே இங்கிலீசு எழுத்தில் தட்டுவார். மூன்று நீளக் கோடு, பிறகு இரண்டு நீளக் கோடு. புள்ளியே கிடையாது. கடைசிக் கோட்டைச் சற்றே இழுத்து விடுவார். தனியாக இருக்கிற மனிதர், பேச்சை முடிக்க மனம் வராது போலும்.

அந்த வருஷம் வடக்குப் பாதையில் வாந்திபேதி. ஒருநாள் கிட்டங்கியில் வேலை செய்த வீராயி கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். தெல்தோட்டைத் தோட்டத்துக்காரி. புருஷன் கருப்பையா இந்தியாவில் இருக்கிற ஊருக்குப் போயிருந்தான். அவன் போன பிறகு பிறந்த பிள்ளை அது.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு கெளம்பிட்டாருன்னு சொல்றாக. வழியெல்லாம் சாவுறாங்களாமே. ஒங்க கம்பிக்கிட்டக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

"கம்பி எப்படிம்மா ஆளக் கண்டுபிடிக்கும்? அந்தப் பாதையில எத்தனையோ கருப்பையா."

"எடது காது கிழிஞ்சிருக்கும்ங்க. கடுக்கனோட போச்சு."

வேலை ஓய்ந்த நேரத்தில் கம்பியில் கந்தப்பரிடம் சொன்னேன். "ஓம் தம்பி, பாக்கிறன்" என்றார். அன்றிலிருந்து மாலைதோறும் கொட்டகைக்குள் போய் ஒவ்வொரு கூட்டத்திலும் காது பார்த்தார். நோயாளிகள் கிடந்த இடம் அது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போன இடம். காலையில் "நேற்றும் இல்லை" என்பார். வீராயி கேட்டுவிட்டுக் கொட்டை பொறுக்கப் போய்விடுவாள்.

ஒரு மழைநாள் முற்பகலில் அவர் கை வேகமாக வந்தது. "ஆள் வந்திட்டார். காது கிழிஞ்சது. சுகம். பெஞ்சாதி கம்பியிலை விசாரிச்சவ எண்டன், அழுதார். இப்பதான் வெளிக்கிட்டுப் போறார்."

நான் பின்பக்கம் ஓடி வீராயியிடம் சொன்னேன். அவள் அப்படியே கொட்டைக் குவியலின் மேல் உட்கார்ந்து பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். திரும்பி வந்தபோது கருவி தட்டிக்கொண்டிருந்தது: "விளங்கினதோ?" நான் "ஓம்" என்றேன். மறுபடி, இன்னும் மெலிதாக, "விளங்கினதோ?" என் கை அவருக்கு எட்டவில்லை. ஓம், ஓம், ஓம் என்று தட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கம்பி ஊமையாகிவிட்டது.

கம்பி அறுந்திருக்கும் என்றுதான் நினைத்தோம். அறுந்தது அல்ல என்பதைக் கருப்பையாவே வந்து சொன்னான். கிழிந்த காது, வீங்கிய கால், தோளில் பிள்ளை. கூட வீராயி.

"ஐயா, அந்தக் கம்பி எங்க ரெண்டு பேருக்கும் தெய்வமா நின்னுச்சு. வேட்டியக் கிழிச்சு மஞ்சத்தண்ணியில நனைச்சு அதுல கட்டி, மறுமுனைய மரத்துல முடிஞ்சு நேந்துக்கிட்டேன். எங்க கூட்டத்து ஆளுக எல்லாருமே கட்டுனாங்க."

பாருங்கள், மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிய கம்பி, கொட்டுகிற மழை, அதில் வரிசையாக ஈரத்துணி. மின்சாரம் ஊர் போய்ச் சேருமுன்பே துணி வழியாக மரத்துக்கும் அங்கிருந்து மண்ணுக்கும் இறங்கிவிடும். இதற்குக் கசிவு என்று பெயர். அறுந்த இடம் பார்க்கப் போன எங்கள் ஆட்கள் அந்நேரம் காட்டில் அந்த நேர்த்தித் துணிகளைத் தேடித் தேடி அறுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. சாமி கும்பிட்டவனை எப்படித் திட்டுவது?

"அந்த ஐயாகிட்ட நான் வந்து சேந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றான்.

அன்று மதியம்தான் கம்பி சரியானது. அவர்கள் இருவரும் வாசலிலேயே காத்திருந்தார்கள். நான் உட்கார்ந்து, "கருப்பையா வந்து சேர்ந்தார்" என்று தட்டினேன். பதில் உடனே வந்தது: சட்டப்படியான குறி, ஒரே எழுத்து, சுத்தமான கை. அது அவர் கை இல்லை. "கந்தப்பர்?" என்று கேட்டேன். "பேதி. முந்தாநாள் புதைத்தார்கள்" என்றது அந்தப் புதிய கை.

"என்னங்க சொல்றாரு?" என்றான் கருப்பையா.

"ஓம்ங்கிறாரு" என்றேன்.

அவன் பிள்ளையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக் கம்பியைப் பார்த்துக் கும்பிட வைத்தான்.

பிறகு கோப்பி இலையில் துருப்போல நோய் விழுந்து தோட்டம் தோட்டமாகச் செத்தது. கிட்டங்கி இடிந்து போயிற்று. இப்போது கம்பியை இரும்புக் கம்பத்தில் பீங்கான் குமிழ் வைத்து உயரத்தில் இழுக்கிறார்கள். எந்த நேர்த்தித் துணியும் எட்டாது. பையன்கள் நன்றாகத் தட்டுகிறார்கள், ஆனால் எல்லோருக்கும் ஒரே கை. நான் ஓய்வு பெறும்வரை வடக்கே எத்தனையோ செய்தி அனுப்பினேன். எல்லாம் கம்பியில் போய் அந்த மண் வழியாகத்தான் திரும்பின. அவர் அந்த மண்ணில்தான் இருந்தார். எனக்குக் கிடைத்தது என்று நான் தட்டிய ஓம் மட்டும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.