ஆடாமல் நின்ற குடைமிளகாய்

லிப்ட்காரர் என்றதும், பெட்டிக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறவர் என்று யாராவது நினைத்துவிட்டால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். அவர் லிப்ட் பழுதுபார்ப்பவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை அவர் செய்த காரியம் ஒன்றுதான்: ஆடுவதை ஆடாமல் நிறுத்துவது. அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்தது. நாற்காலிக் கால் லேசாக ஆடினால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஸ்பானரைத் தேடுவார். சர்க்கரை டப்பாவை அவர் மூடினால், மறுநாள் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவாள். "உங்க வீட்டுல பலசாலி யாராவது இருக்காங்களா?"

அந்த மனைவி போன வருஷம் இறந்துபோனாள். இப்போது அவரே மூடி, அவரே திறக்க வேண்டியிருக்கிறது.

மகள் இதே ஊரில்தான் இருந்தாள். ஞாயிறுதோறும் வந்து பிரிட்ஜைத் திறந்து பார்ப்பாள். பெருமூச்சு விட்டு மூடுவாள்.

"அப்பா, இந்த வீட்டைக் காலி பண்ணிட்டு எங்களோட வந்துடுங்க. ஒரு ரூம் சும்மாதானே கிடக்கு."

"உங்க கட்டடத்து லிப்ட் மூணாவது மாடியில ரெண்டு விரற்கடை கீழ நிக்குதும்மா. தினமும் அதுல ஏறி இறங்கினா எனக்கு பிரஷர் ஏறிடும்."

"அப்ப படியில வாங்க."

"முழங்கால் வலிக்குமே."

"முழங்கால் வலிக்கிறவரைப் பார்த்துக்க இங்க யாரு இருக்கா?"

அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சமையல் மேடைக்கு முன்னால், மனைவி நின்று நின்று தரை ஓடு ஒன்று மட்டும் மங்கிப்போயிருந்தது. இந்த வீட்டை விட்டுப் போனால் அடுத்து வருகிறவர்கள் முதல் காரியமாக அதைத்தான் பெயர்த்துப் போடுவார்கள்.

"அம்மா வெச்சிருந்த நாலு செடியும் குச்சியாயிடுச்சு. உங்களை மட்டும் நீங்க ஒழுங்கா பார்த்துக்குவீங்கன்னு நான் எப்படி நம்புறது?" என்றாள் மகள்.

"அதுங்களா காய்ஞ்சதுக்கு நான் என்ன பண்ண?"

"சரி, ஒண்ணு சொல்றேன். அடுத்த வருஷமும் இருப்பீங்களான்னு ஹவுஸ் ஓனர் வருஷக் கடைசிக்குள்ள பதில் கேட்டிருக்காருல்ல? அதுக்குள்ள ஒரே ஒரு செடியை வளர்த்து, அதுல ஒரு காய் காய்க்க வெச்சுக் காட்டுங்க. அப்புறம் காலி பண்ணுங்கன்னு நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீ வாய் திறக்க மாட்டேன்னா நான் தோப்பே போடுவேன்மா."

தோப்புக்கு இடமில்லை, பால்கனிதான் இருந்தது. நாற்றுக் கடைக்காரம்மா கொடுத்த குடைமிளகாய் நாற்றோடு வீடு திரும்பிய லிப்ட்காரர், புது லிப்ட் பொருத்துகிற சிரத்தையோடு வேலையில் இறங்கினார். தொட்டியின் நாலு பக்கமும் கம்பி நட்டார். தண்டு கீறிக்கொள்ளாமல் பஞ்சு சுற்றினார். கம்பியோடு சேர்த்து கேபிள் டேக் போட்டு இறுக்கினார். ரசமட்டத்தை வைத்துச் செடி நேராக நிற்கிறதா என்று பார்த்தார். பால்கனிக் கண்ணாடிக் கதவுகளையும் இழுத்துச் சாத்தினார். இனி தூசிகூட உள்ளே வராது.

செடி நன்றாகவே வளர்ந்தது. பூக்களும் வந்தன, தலையைத் தொங்கப்போட்ட சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். ஆனால் காம்போடு சேர்ந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன. தண்ணீரைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். ஒருநாள் செடிக்கு எதிரே உட்கார்ந்து புத்திமதிகூடச் சொன்னார். பூக்கள் உதிர்ந்துகொண்டேதான் இருந்தன. வருஷக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. உதிர்ந்த பூக்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாற்றுக் கடைக்கு ஓடினார்.

"காத்து படுதுங்களா?" என்றாள் கடைக்காரம்மா.

"கண்ணாடி போட்டு அடைச்சிருக்கேன்."

"செடியாச்சும் கொஞ்சம் ஆடுதா?"

"ஆடுறதா? நான் கட்டியிருக்கிற கட்டுக்கு பூகம்பமே வந்தாலும் ஆடாதும்மா!"

அவள் உரமூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தாள். "பூ ஆடினாத்தான் சார் மகரந்தம் உதிரும். உதிர்ந்தாத்தான் காய் பிடிக்கும். கைதி மாதிரி கட்டிப்போட்டுட்டு காய் எங்கன்னு கேட்டா அது என்ன பண்ணும் பாவம்? கதவைத் திறந்து விடுங்க. காலையில கிளையை லேசா தட்டி ஆட்டி விடுங்க."

தன் கையாலேயே ஒன்றை ஆட்டுவதா! வீட்டுக்கு வந்து டேக்குகளை ஒவ்வொன்றாக வெட்டினார். செடி கொஞ்சம் சாய்ந்தது. மறுபடி கட்டப் போன கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, திருடன் கதவைத் தட்டுவதுபோல ஒரு விரலால் கிளையைத் தட்டினார். எதிர் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, செடியைப் போட்டு அடிக்கிறீங்க?"

"அடிக்கலம்மா. ஆட்டுறேன்."

"யாரு, நீங்களா?" என்றவள், கிளிப்பைக் கீழே போட்டுவிட்டாள்.

அந்த வாரப் பூக்களில் ஒன்று உதிரவில்லை. இதழ்கள் வாடி விழுந்த இடத்தில் பச்சை மணி ஒன்று உட்கார்ந்திருந்தது.

ஹவுஸ் ஓனருக்குப் பதில் சொல்லவேண்டிய கெடுவுக்கு முந்தின நாள் மகள் வந்தாள். காய் அவள் கைப்பிடி அளவுக்குப் பளபளவென்று தொங்கியது.

"அப்பா! நிஜமாவே காய்ச்சிருச்சே! சரி, நீங்க ஜெயிச்சிட்டீங்க. கத்தரிக்கோல் எங்க?"

"கையை எடும்மா."

"ஏன்?"

"அது இன்னும் முடியல. பச்சைங்கிறது பாதி வழி. ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிற லிப்ட் மாதிரி. சிவக்கணும்."

"எப்ப சிவக்கும்?"

"ஒரு மாசம் ஆகலாம்."

"பதில் நாளைக்குச் சொல்லணும்பா! காய்னுதானே நான் சொன்னேன்? பேசாம ஜெயிச்சுட்டுப் போகாம, இது என்ன வீம்பு?"

"அரைகுறை வேலையை முடிஞ்சதுன்னு நான் சொன்னதில்லை."

"அப்ப தோத்துட்டீங்க."

"தோத்ததாவே இருக்கட்டும். அதைப் பறிக்காதே."

சொல்லும்போது கையை நீட்டிச் செடியை மறைத்துக்கொண்டிருப்பது அவருக்கே தெரியவில்லை. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிட்ஜைப் பார்க்கிற அதே பார்வை, பெருமூச்சுதான் வரவில்லை. போனை எடுத்து ஹவுஸ் ஓனரைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், அப்பா அடுத்த வருஷமும் இங்கதான் இருப்பாரு... இல்ல இல்ல, நாங்க கூப்பிட்டோம், அவருதான் வரமாட்டேங்கிறாரு. குடைமிளகாய் பழுக்கணுமாம்... ஆமா அங்கிள், குடைமிளகாய்தான்... எத்தனையா? ஒண்ணே ஒண்ணு."

"ரெண்டுன்னு சொல்லு. இலைக்குப் பின்னால ஒரு பிஞ்சு இருக்கு," என்றார் லிப்ட்காரர்.