இரும்பாயியின் இடிப்பானை

ஆகஸ்ட் வெயில் ஏறினால் எங்கள் தோட்டத்தில் ரப்பர் காய்கள் மரத்திலேயே வெடிக்கும். உச்சியில் "படக்" என்று ஒரு சத்தம், அடுத்த நொடி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த லயத்துத் தகரக் கூரையின் மேல் கொட்டைகள் கடகடவென்று உருண்டு இறங்கும் சத்தம். இலங்கையின் கேகாலை மாவட்டத்தில், வரக்காப்பொலயிலிருந்து உள்ளே போகும் ஒரு பஸ் பாதையின் முடிவில் இருந்தது அந்தத் தோட்டம். சின்ன வயதில் அந்தக் கொட்டைகளைச் சிமெந்துத் தரையில் தேய்த்துச் சூடாக்கி, அசந்திருப்பவர் கையில் வைத்துக் கத்த வைப்பதுதான் எங்கள் விளையாட்டு. எனக்குப் பதினான்கு வயதான ஆண்டில் அவற்றுக்கு வேறு வேலை வந்தது. இருபது கொட்டைகளைப் பொறுக்கி, ஒன்று முதல் இருபது வரை மார்க்கரால் எண் எழுதி, ஒரு துணிப்பைக்குள் போட்டுக் கட்டினோம். பைக்குள் கையை விட்டு எந்தக் கொட்டையை எடுக்கிறோமோ, அதுதான் எங்கள் விதி.

அந்த விளையாட்டைக் கொண்டுவந்தவள் ஷஃப்னா. தோட்டத்துச் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள். கடைக்காரரைத் தோட்டத்தில் எல்லோரும், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல், "நானா" என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் இருந்த தமிழ்ப் பாடசாலை ஒன்றே ஒன்று, சந்தியில் இருந்த முஸ்லிம் பாடசாலை. லயத்துப் பிள்ளைகளான நாங்களும் அங்கேதான் படித்தோம். ஷஃப்னாவின் அண்ணன் துபாயில் வேலை செய்தார். அவருடைய அறையில் இருந்த வேறு நாட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமைகளில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக இருந்து விளையாடுவார்களாம். விதிப் புத்தகத்தை அவர் தங்கையின் போனுக்கு அனுப்பிவிட்டார். ஆங்கிலத்தில் இருந்ததை ஷஃப்னா அகராதி வைத்துக்கொண்டு படித்து, வேண்டியதைத் தமிழில் எழுதி எடுத்தாள். கதை சொல்கிறவள் அவள். ஆடுகிறவர்கள் நானும், லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையான காம்பிராவில் இருந்த கௌரியும்.

முதலில் ஆளை உருவாக்க வேண்டும். கடைக்குப் பின்னால் இருந்த களஞ்சிய அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, ஷஃப்னா ஒரு பெட்டித் தீக்குச்சிகளைக் கொட்டி எங்கள் இருவருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தாள். பலம், வேகம், உடம்பு, புத்தி, நிதானம், பேச்சு என்று சோக்குக் கட்டியால் தரையில் கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தில் எத்தனை குச்சி வைக்கிறோமோ, அவ்வளவுதான் அந்த ஆளுக்கு என்றாள். கௌரி யோசிக்கவே இல்லை. பலத்திலும் உடம்பிலும் குவித்தாள், வாள்காரியானாள். நான் அன்று பின்னேரம் முழுவதும் குச்சிகளை மாற்றி மாற்றி வைத்தேன். வாள்காரிக்கும் மந்திரக்காரிக்கும் என்னென்ன உண்டு என்பதைப் புத்தகமே சொல்லிவிடுகிறது. கடைசிப் பக்கங்களில் இன்னொரு வகை இருந்தது: பொருள் செய்கிறவள். அவளுக்கு வாளும் இல்லை, மந்திரமும் இல்லை. ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவள் செய்யலாம். என்ன பொருள், எதனால் செய்வது, எத்தனை நாள், என்ன பயன் என்று எழுதிக் காட்டிக் கதை சொல்கிறவள் ஒத்துக்கொண்டால், பையில் கையை விடலாம். பெரிய எண் வந்தால் பொருள் உங்களுடையது. ஒன்று வந்தால் அது உங்கள் கையிலேயே உடையும்.

குச்சிகளில் பெரும்பகுதியைப் புத்தியில் வைத்தேன். உடம்புக்கு மிஞ்சியது கொஞ்சம்தான்.

"ஒரு அடி வாங்குனாலே செத்துருவ," என்றாள் கௌரி.

"அடி விழாம நீ பாத்துக்க. ஒனக்கு வேணுங்கிறத நான் செஞ்சு தாறேன்."

அவளுக்கு இரும்பாயி என்று பெயர் வைத்தேன். இரும்பாயி செய்தவை எல்லாம் எனக்குத் தெரிந்த சாமான்களிலிருந்துதான் வந்தன. மரத்தில் வடிந்து காய்ந்த பாலை எங்கள் ஊரில் "ஒட்டுப்பால்" என்பார்கள். அதில் செய்த செருப்பைப் போட்டால் சுவரில் நடக்கலாம். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் கத்தியைப் பார்த்து, மழுங்காத கத்தி ஒன்று செய்து "அம்மா கத்தி" என்று பெயர் வைத்தேன். மாசி மாதத்தில் இலை நோய்க்குத் தோட்டத்தில் கந்தகம் தூவுவார்கள். காற்றெல்லாம் மஞ்சளாகக் கண் எரியும். அந்தக் கந்தகத்தையும், பால் உறைய ஊற்றும் அசிட்டையும், வௌவால் எச்சத்தையும், சிலந்தி நூலையும் சேர்த்து இரும்பாயி "இடிப்பானை" செய்தாள். குகைக்குள் இருந்த ராட்சதச் சிலந்தியின் கூட்டைத் தகர்ப்பதற்கு. பாலத்துக்கு அடியில் வைக்க வேண்டும் என்றும் எழுதினேன், ஏனென்றால் அந்தக் குகை ஒரு பாலத்துக்கு அடியில்தான் இருந்தது. அந்தப் பங்குனி முழுவதும் பையில் கையை விட்டும் நல்ல எண் வரவில்லை, பானை ஆகவில்லை.

பிறகு ஈஸ்டர் வந்தது. தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த வருட ஈஸ்டர் ஞாயிறு இந்த நாட்டில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் மாமா குடும்பம் கொழும்புப் பக்கம் ஒரு கோயிலில், தேவாலயத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், பூசைக்குப் போயிருந்தது. மாமி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைப்பாரா என்று தெரியாத நாட்கள். குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் சிலர் என்று செய்தி வந்ததிலிருந்து அம்மா பேசுவதையே குறைத்துவிட்டார். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நானா கடப் பக்கம் இனிமே போக வேணாம்." தோட்டமே அப்படித்தான் இருந்தது. பெரியவர்கள் "காத்து சரியில்ல, வாய மூடிட்டு இருங்க" என்பார்கள். சந்திக் கடையில் நானா காலையில் கதவைத் திறந்து, யாரும் வராத வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதை பஸ்ஸில் போகிறவர்கள் கண்டார்கள்.

பாடசாலை மறுபடியும் திறந்தபோது வாசலில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். பெற்றோர் முறை வைத்துப் பிள்ளைகளின் பைகளைச் சோதிக்க வேண்டும்; பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் துப்பாக்கியோடு நிற்பார். எல்லாப் பாடசாலையிலும் அதுதான் நடைமுறை. அன்றைக்குப் பெண்பிள்ளைகளின் பைகளைப் பார்த்தது எங்கள் லயத்து சரோஜா அக்கா. எனக்கு முன்னால் வரிசையில் நின்றாள் ஷஃப்னா. இத்தனை வாரம் கழித்துப் பார்த்ததில் இருவருக்கும் சிரிப்பு வந்தது. இடைவேளையில் ஆடலாம் என்று அவள் எங்கள் தாள்களை எல்லாம் எடுத்து வந்திருக்கிறாள் என்பது, சரோஜா அக்கா அவள் பையிலிருந்து அந்தக் கட்டை வெளியே எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மேலே இருந்தது இரும்பாயியின் தாள். அக்கா வாய்க்குள்ளேயே படித்தார். "இடிப்பானை... கந்தகம்... அசிட்... பாலத்துக்கு அடியில..." அவர் குரல் நின்றது. அடுத்த தாளில் ஷஃப்னா வரைந்த படம்: பாலம், குகை, பாதை, ஓர் இடத்தில் சிலுவை போட்டு "கோயில்". சரோஜா அக்கா அதைப் பைக்குள் திருப்பி வைக்கத்தான் பார்த்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் பொலிஸ்காரர் பார்த்துவிட்டார். "மொகத்த ஏ?" என்று கேட்டார், என்ன அது என்று. அக்கா சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல வரிசை பின்னால் நகர்ந்தது. யாரோ ஒரு தாய் தன் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார்.

ஷஃப்னாவுக்கு நல்ல சிங்களம் தெரியும். ஆனால் அப்போது அவள் வாயில் தமிழ்தான் வந்தது. "விளாட்டு சேர், வேற ஒண்டும் இல்ல, விளாட்டு." பர்தாவின் ஓரத்தை விரல்களால் முறுக்கிக்கொண்டே சொன்னாள்.

அவளை அதிபரின் அறையில் உட்கார வைத்தார்கள். எங்களை வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஜீப் வந்தது. ஜன்னலால் பார்த்தேன், நானாவைக் கூட்டி வந்தார்கள். கடைச் சாவிக்கொத்து அவர் கையிலேயே இருந்தது. துபாயில் இருக்கும் மகன் என்ன வேலை, யாரோடு தங்கியிருக்கிறான், இந்தப் புத்தகத்தை ஏன் அனுப்பினான் என்று அவரிடம் கேட்பது வராந்தா வரை கேட்டது. கௌரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "போகாதடி, ஒன்னயும் புடிச்சிருவாங்க." எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அந்தத் தாளில் இருந்தது என் எழுத்து. நான் சொல்லாவிட்டால் அது அவளுடைய எழுத்தாகிவிடும். எழுந்து போனேன்.

அதிபர் அறையில் இருந்த பொலிஸ் அதிகாரி பெரியவர், தூக்கமில்லாத கண்கள். "மேக கவுத லிவ்வே?" என்று அவர் ஷஃப்னாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார், யார் எழுதியது என்று.

"ஏக மகே, சேர்," என்றேன். என்னுடையது.

திரும்பிப் பார்த்தார். பெயரைக் கேட்டார். ஜெனிட்டா என்றதும் என்ன சமயம் என்று கேட்டார். கத்தோலிக்கம் என்றேன். அவர் முகத்தில் ஏதோ குழம்பியது; ஆனால் இளகவில்லை. என்ன பானை இது, எதைத் தகர்க்க என்று கேட்டார்.

"மகுளுவெக், சேர்."

ஒரு சிலந்தியை என்று நான் சொன்னதற்கு அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, அதே சொற்களை எழுதச் சொன்னார். எழுதினேன், பயத்தில் எழுத்தே வேறு மாதிரி வந்தது. அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு படத்தைத் தட்டி, கோயிலை ஏன் போட்டிருக்கிறது என்று கேட்டார்.

ஷஃப்னாதான் சொன்னாள், இம்முறை சிங்களத்தில், மெதுவாக. புத்தகத்தில் கதை தொடங்குவது ஒரு சாராயக் கடையில். எல்லோரும் அங்கேதான் சந்திப்பார்கள். சாராயக் கடையில் தொடங்க அவளுக்குப் பிடிக்கவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள் என்பதால், எல்லோரும் கூடுகிற இடம் கோயிலாக இருக்கட்டும் என்று அவள் வைத்தாள். "எவளவு பயணம் போனாலும் அங்க திரும்பி வந்தாப் பயம் இல்ல, அப்படித்தான் வெச்ச," என்று என்னிடம் தமிழில் சொன்னாள். அதிகாரி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் அம்மா வந்தார். அம்மா பால் வெட்டும் மலைக்குச் சரோஜா அக்கா ஆள் அனுப்பியிருக்கிறார். பால்வெட்டுக்குப் போன உடுப்போடு, கையில் பால் காய்ந்து ஒட்டியிருக்க, மூச்சு வாங்க வாசலில் நின்றார். எனக்கு அவரைப் பார்க்கவும் பயமாக இருந்தது. மாமி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். நானாவைப் பார்த்த அம்மா, அவருக்கு ஒன்றும் சொல்லாமல் கடந்து வந்தார். அதிகாரி தாள்களை நீட்டினார்: உன் மகள் எழுதியதா, அல்லது அவள் யாரையாவது காப்பாற்றுகிறாளா?

அம்மா நின்றபடியே படித்தார். நேரம் எடுத்துக்கொண்டார். "அம்மா கத்தி" என்ற இடத்தில் அவர் விரல் நின்றதைப் பார்த்தேன். பிறகு சிங்களத்தில் சொன்னார்: "என் மகள்தான் எழுதினது, சேர். ஒட்டுப்பால்ல செருப்பு செய்யலாம்னு எழுதியிருக்கு. கடைக்காரர் பிள்ளைக்கு ஒட்டுப்பால் என்னன்னு எப்படித் தெரியும்? லயத்துப் பிள்ளைதான் இப்படி எழுதும்."

அதிகாரி எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். ஷஃப்னாவின் பையில் இருந்த தாள்களை மடித்து உறைக்குள் வைத்தார். பிள்ளைகள் போகலாம், இனி இப்படி எதையும் எழுத வேண்டாம் என்றார். நானா மட்டும் மறுநாள் பொலிஸுக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்றார். நானா அதற்கும் நன்றி சொன்னார்.

வீட்டுக்குப் போகும்போது அம்மா குறுக்குப் பாதையில் ஏறவில்லை. ரோட்டாலேயே நடந்தார். சந்தியில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னாலேயே நானாவின் கடைக்குள் நுழைந்தார். நானா அப்போதுதான் வந்து கதவைத் திறந்திருந்தார்.

"நானா, சீனி கால் கிலோ தாங்க."

அவர் சீனியைத் தராசில் நிறுத்தார். கொஞ்சம் மேசையில் சிந்தியது. "தங்கச்சி, மாமிக்கு இப்ப எப்படி?" என்று கேட்டார்.

"கண்ணு முழிச்சிட்டாங்களாம்," என்றார் அம்மா.

கடைக்குப் பின்னாலிருந்து கடதாசி எரியும் வாடை வந்தது. எட்டிப் பார்த்தேன். ஷஃப்னாவின் உம்மா, வீட்டில் மிஞ்சியிருந்த விளையாட்டுத் தாள் ஒவ்வொன்றையும் அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார். கூடவே அவள் அகராதி வைத்து எழுதிய கொப்பிகளும். அவர் என்னைப் பார்த்து, "குற நெனக்காதீங்க மகள்," என்றார். ஷஃப்னா சுவரில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. நானும் அவளைக் கூப்பிடவில்லை.

அந்த வருடம் முடிவதற்குள் அவர்கள் கடையை விற்றுவிட்டுப் புத்தளம் பக்கம் உறவினரிடம் போய்விட்டார்கள். இப்போது அந்தக் கடையில் யாரோ போன் சாமான் விற்கிறார்கள். சந்திப் பாடசாலையில் லயத்துப் பிள்ளைகள் கிடையாது. காலையில் வேன் வந்து அவர்களை டவுனுக்கு ஏற்றிப் போகிறது. சந்தியில் இருக்கும் முஸ்லிம் பிள்ளைகளின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. மாமி நடமாடுகிறார், ஒரு காது மட்டும் கேட்காது. நான் கேகாலையில் ஒரு கணக்காளரிடம் வேலை செய்கிறேன். இரும்பாயி எந்தப் பொலிஸ் அலுமாரியில் இருக்கிறாளோ, தெரியாது.

ஷஃப்னாவும் நானும் இடைக்கிடை வீடியோவில் பேசுவோம். அந்த நாளைப் பற்றிப் பேச அவளுக்குப் பிடிக்காது, நானும் கேட்பதில்லை. போன மாதம் அவள் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு பேசியபோது மட்டும் கேட்டேன், சிலந்திக் குகையைத் தாண்டியிருந்தால் அதற்குப் பிறகு கதையில் என்ன வைத்திருந்தாள் என்று.

"ஒரு பெரிய ஊர் ஈந்திச்சி," என்றாள். "அங்க எல்லாரும் ஒன்னத் தேடித்தான் வருவாங்க, சாமான் செஞ்சி தரச் செல்லி."

ஊரின் பெயரைக் கேட்டேன். அது மட்டும் ஞாபகம் வரவில்லை என்றாள்.