கடலைப் பார்த்து ஓடிய பக்கம்

அண்ணன் கல்யாணம் 2009இல் நடந்தது. அப்போது நான் சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறு மட்டும் கடலூருக்கு, வீட்டுக்கு வருவேன்.

அண்ணி சிதம்பரத்துப் பெண், மூவாயிரம் மீட்டர் ஓடுபவள். கோயிலைச் சுற்றியுள்ள நான்கு தேர் வீதிகளிலும் விடியற்காலையில் ஓடிப் பழகியவள். எங்கள் வீட்டில் காலை நேரம் அடுப்படிக்குப் போய்விட்டதால், சாயங்காலம் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு ஓடப் போனாள். ஸ்டாப் வாட்ச் என்னுடைய பட்டன் போன்தான். நேரம் வாராவாரம் மோசமானது.

"கல்யாணம் ஆனா உடம்பு கனத்துத்தான் போவும்" என்றாள் அம்மா. "மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கற தேர்வுல வந்தா ஓடு. இல்லன்னா இதோட நிறுத்திக்க."

"சரி அத்தே" என்றாள் அண்ணி. அவளே அதை நம்பத் தொடங்கியிருந்ததுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். தூக்கம், சாப்பாடு, ஷூ, மைதானத்து மணல், கடல் காற்று. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்ததில் காற்று மிஞ்சியது. அண்ணனிடம் சொன்னேன்.

"காத்து மேல கேஸ் போடு. கோர்ட்டு பக்கத்துலதான இருக்கு" என்றான்.

ஆடி மாதம் வழக்கப்படி அண்ணியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் ஊருக்குப் போகாமல், ஞாயிறு விடியலில் ஹாஸ்டலிலிருந்து போய் அவளைத் தேர் வீதிகளில் ஓடச் சொன்னேன். இரண்டு பக்கமும் வீடுகள். ஆடிக் காற்றுகூட அந்த நேரத்தில் அடங்கியிருந்தது. வாசல் தெளித்த ஈரத்தின் மேல் அவள் காலடிச் சத்தம் மட்டும் ஒரு வீதியிலிருந்து இன்னொரு வீதிக்குத் திரும்பியது. இன்றைக்கும் விடியலில் விழிப்பு வந்தால் அந்தச் சத்தத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நின்றதும் போனைக் காட்டினேன். கல்யாணத்துக்கு முன்பு அதே வீதிகளில் அவள் ஓடிய நேரம்தான்.

"அப்ப உடம்பு இல்லியா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆவணியில் மறுபடி மைதானம். அவள் செய்த தவறு இதுதான்: வீதியில் ஓடியது போலவே சுற்று முழுக்க ஒரே வேகத்தைப் பிடிக்கப் பார்த்தாள். கடலைப் பார்த்து ஓடும் பக்கத்தில் காற்றோடு மல்லுக்கட்டி, அங்கேயே தீர்ந்துபோனாள்.

"அந்தப் பக்கம் நேரத்த மறந்துடுங்க அண்ணி. மூச்சு மட்டும் ஒரே மாதிரி இருக்கட்டும். வேகம் கொறஞ்சா கொறையட்டும்."

"திரும்பி வரும்போது காத்து அதக் குடுத்துடுமா?"

"முழுசா குடுக்காது. எடுக்கறது ஜாஸ்தி, குடுக்கறது கம்மி."

"உங்க வீட்டு ஆளுங்க மாதிரின்னு சொல்லு."

தேர்வும் அதே மைதானத்தில், சாயங்காலம்தான். அம்மாவும் வந்தாள், முடிவை நேரில் பார்க்க. மர நிழல் இருக்கிறதென்று கடல் பக்க ஓரத்தில் போய் நின்றாள். அங்கே காற்று அவள் முந்தானையைப் பிடுங்கியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே பார்த்தாள். முதல் சுற்றுகளில் அண்ணி கடைசியில் இருந்தாள். பிறகு, எதிர்காற்றில் முட்டியவர்கள் ஒவ்வொருவராகத் தளர, அவர்களைத் தாண்டி வந்தாள். நான்காவதாக முடித்தாள். அணிக்கு எடுத்தது மூன்று பேரை.

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியதும் அண்ணி, "நிறுத்திக்கறேன் அத்தே" என்றாள்.

அம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "நிக்கறதுக்கே முடியல அந்தக் காத்துல. இதுலயா தெனம் ஓடுன?"

அண்ணி தலையாட்டினாள்.

"சாயங்காலம் வேணாம். காலையில போ. இட்லி நான் ஊத்திக்கறேன்."